தீம் பார்க்கும் ஒரு பள்ளி நாளும்

பள்ளி நடக்கும் நாளில் பிள்ளைகளைத் தீம் பார்க்குக்கு அழைத்துப்போகும் பெற்றோரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படுவது இது: அங்கே ஆட்டமும் கூச்சலும் தவிர ஒன்றும் இல்லை, அதில் கல்வி இருக்கிறது என்பது லீவு போட்டதற்குத் தேடும் சாக்கு. இந்தக் கருத்துக்குள் பல வாதங்கள் அடங்கியிருக்கின்றன. தனித்தனியே எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை நிற்பதில்லை. ஒன்றில் மட்டும் பாதி உண்மை உண்டு.

பூங்காவில் இருப்பது வேடிக்கை மட்டுமே என்பது முதல் வாதம். சங்கிலி ராட்டினத்தின் அருகே ஐந்து நிமிடம் நின்று பார்த்தாலே இது தவறு என்று தெரிந்துவிடும். தலைக்கு மேல் பெரிய தட்டு ஒன்று சுழல்கிறது. அதன் விளிம்பிலிருந்து சங்கிலிகளில் இருக்கைகள் தொங்குகின்றன. வேகம் ஏற ஏற அவை வெளிப்புறமாகச் சாய்ந்து உயர்கின்றன. ஓர் இருக்கையில் பருமனான பெரியவர், அடுத்ததில் ஒரு சிறுமி, அதற்கடுத்தது காலி. எது அதிகம் சாயும்? லேசாக இருக்கும் காலி இருக்கைதான் என்று சொல்லத் தோன்றும். சுழலும்போது பார்த்தால் மூன்று சங்கிலிகளும் ஏறத்தாழ ஒரே கோணத்தில் நிற்கின்றன. எடை கூடினால் கீழ்நோக்கி இழுக்கும் புவியீர்ப்பு கூடுகிறது. வட்டத்தில் திருப்பத் தேவைப்படும் மையநோக்கு விசையும் அதே விகிதத்தில் கூடுகிறது. ஆகவே கணக்கில் நிறை அடிபட்டுப்போகிறது. கோணத்தைத் தீர்மானிப்பவை வேகமும் வட்டத்தின் ஆரமும்தான். ஆரம் 8 மீட்டர், ஒரு சுற்றுக்கு 6 விநாடி என்றால் சங்கிலி செங்குத்திலிருந்து சுமார் 42 பாகை சாயும். இந்தச் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிவிடலாம். ஆனால் காலி இருக்கையும் ஆள் உட்கார்ந்த இருக்கையும் சேர்ந்து சாய்வதைப் பார்த்த பிள்ளை, நிறை எங்கே போயிற்று என்று தானே கேட்கும். கேள்வி அப்படிப் பிறப்பதுதான் கல்வியில் அரிதாக நடக்கும் காரியம்.

ரோலர் கோஸ்டரும் இப்படித்தான். பழைய முறையில் அமைந்த கோஸ்டரில் வண்டியை முதல் மேட்டின் உச்சிக்குச் சங்கிலி இழுத்துச் செல்கிறது. அதன்பின் அதற்கு இயந்திரம் இல்லை. 30 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் வண்டி, உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், அடியில் மணிக்கு ஏறக்குறைய 87 கிலோமீட்டர் வேகம் பெறும். தலைகீழ் வளையம் ஏன் முழு வட்டமாக இல்லாமல் கண்ணீர்த்துளி வடிவில் இருக்கிறது என்பது இன்னும் நல்ல கேள்வி. முழு வட்டத்தை விழாமல் சுற்றி வரத் தேவையான குறைந்தபட்ச வேகத்தில் நுழைந்தாலே, அடிப்பகுதியில் பயணியை அவரது எடையைப்போல் 6 மடங்கு விசை அழுத்தும். 1895இல் நியூயார்க்கின் கோனி தீவில் அமைந்த வட்ட வளையம் பயணிகளின் கழுத்தைப் பதம் பார்த்தது இதனால்தான். 1976இல் கலிபோர்னியாவின் ‘ரெவல்யூஷன்’ கோஸ்டருக்காக ஜெர்மானியப் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் வளைவை அடியில் அகலமாகவும் உச்சியில் குறுகலாகவும் அமைத்தார். அழுத்தம் தாங்கும் அளவுக்குள் வந்தது.

இதெல்லாம் பாடநூலில் இருக்கிறது, காணொளியிலும் பார்க்கலாம், இதற்காகப் பூங்காவுக்குப் போவானேன் என்பது அடுத்த வாதம். பாடநூலில் இருப்பது உண்மை. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூல் எடையின்மையை விளக்க ரோலர் கோஸ்டரையும் ராட்டினத்தையும்தான் நினைவூட்டுகிறது. ஏறிப் பார்த்தவருக்கே அந்த உதாரணம் உதாரணமாகும். உட்செவியில் உள்ள உணர்வுறுப்புகள் சீரான வேகத்தை அறிவதில்லை; வேகமாற்றத்தையே அறிகின்றன. திரைக்கு முன் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த உணர்வு கிடைக்க வழியில்லை. 15 மீட்டர் ஆரமுள்ள ஜெயன்ட் வீல் 20 விநாடிக்கு ஒரு சுற்று சுற்றினால், 40 கிலோ எடையுள்ள பிள்ளை உச்சியில் 34 கிலோ போலவும் அடியில் 46 கிலோ போலவும் உணரும். வீலின் மூடிய பெட்டிக்குள் ஒரு சிறிய சுருள்வில் தராசில் எடைக்கல்லைத் தொங்கவிட்டால் முள் ஏறி இறங்குவதையும் காணலாம்.

ஆசிரியர் அழைத்துப்போனால் கல்வி, குடும்பம் போனால் ஊர்சுற்றல் என்பாரும் உண்டு. அமெரிக்காவின் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பூங்காக்கள் மாணவர்களுக்காக இயற்பியல் நாள் நடத்துகின்றன; சுவீடனின் லிசபெரி பூங்காவிலும் மாணவர்கள் ராட்டினங்களில் அளவெடுக்கிறார்கள். அங்கே இதற்கென்று பயிற்சித்தாள் உண்டு, நம் ஊர்ச் சுற்றுலாக்களில் பெரும்பாலும் இல்லை. ஐம்பது பிள்ளைகளைப் பேருந்தில் கொண்டுவந்த ஆசிரியருக்குத் தலை எண்ணுவதற்கே நேரம் சரியாக இருக்கும். குடும்பத்தோடு வந்த பிள்ளை ஒரே ராட்டினத்தில் மூன்று முறை ஏறலாம், வேறு வேறு இடத்தில் உட்காரலாம். அம்மாவோ அப்பாவோ இயற்பியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஏறுமுன் ‘என்ன நடக்கும்?’ என்று கேட்பதும், கைக்கடிகாரத்தில் விநாடி எண்ணுவதும் யாருக்கும் முடியும். வரிசையில் நிற்கும் நேரமும் வீணல்ல: ஒரு நடைக்கு 20 பேர், நடைக்கு 4 நிமிடம் என்றால் முன்னால் நிற்கும் 100 பேர் ஏறி முடிய 20 நிமிடம். நான்காம் வகுப்புப் பிள்ளை இதைப் போட்டுச் சொல்லிவிடும்.

பாதி உண்மையுள்ள வாதம், தவறிய பள்ளி நாள் பற்றியது. இங்கிலாந்தில் இது உச்ச நீதிமன்றம்வரை போனது. மகளைப் பள்ளி நாட்களில் புளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டுக்கு அனுமதியின்றி அழைத்துச் சென்ற ஜான் பிளாட் என்ற தந்தை அபராதம் கட்ட மறுத்தார். கீழ் நீதிமன்றங்கள் அவர் பக்கம் நின்றாலும், 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பள்ளியின் விதிப்படி வருவதே ஒழுங்கான வருகை என்றது. அனுமதியற்ற விடுப்பு அந்தப் பிள்ளையின் படிப்பை மட்டுமன்றி மற்றப் பிள்ளைகளின் வேலையையும் குலைக்கும் என்பது அதன் நிலைப்பாடு. இந்தக் காரணம் நியாயமானது. ஆனால் பயணத்தில் கல்வி இருந்ததா என்பது அங்கே கேள்வியாக எழவில்லை. விதியை மீறியது தவறு என்பதிலிருந்து, போன இடத்தில் கற்க ஒன்றும் இல்லை என்ற முடிவு வராது.

இந்தியாவில் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலைநாட்களை வகுத்திருக்கிறது. முன்கூட்டியே விடுப்புக் கடிதம் கொடுத்து, அவற்றில் தேர்வும் புதிய பாடத்தின் தொடக்கமும் இல்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தால், விட்ட பாடத்தை அந்த வாரமே பிடித்துவிடலாம். ஏற்கெனவே அடிக்கடி விடுப்பு எடுக்கும் பிள்ளைக்கும், கணக்கிலோ வாசிப்பிலோ பின்தங்கியிருக்கும் பிள்ளைக்கும் இது பொருந்தாது. அவர்களுக்குக் கோடை விடுமுறையே சரி. வார நாளில் கூட்டம் குறைவு என்பது பெரிய ஆதாயம். ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் ஒரே ராட்டினத்தில் மறுபடி ஏறிப் பார்க்க வாய்ப்பே இராது.

பாடத்தைப் புகுத்தினால் பிள்ளையின் மகிழ்ச்சி கெடும் என்பது கடைசி வாதம். ஒவ்வொரு ராட்டினத்துக்கும் குறிப்பேட்டை நீட்டினால் கெடத்தான் செய்யும். நாளுக்கு இரண்டு ராட்டினங்களை இப்படிப் பார்த்தால் போதும். மற்றவற்றில் சும்மா ஏறி இறங்கலாம்.