வெங்காயத்துக்குக் கிடைக்கும் மரியாதை

தாவரவியலோ பயோடெக்கோ படித்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். வெங்காயத்தைத் தண்ணீரில் வைத்து வேர் விட வைப்போம். வேர் நுனியை நறுக்கி, சாயம் ஏற்றி, நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் குரோமோசோம்களைப் பார்ப்போம். தண்ணீரில் பூச்சிமருந்தைக் கலந்து வைத்தால் சில செல்களில் குரோமோசோம் உடைந்து கிடக்கும். ரெக்கார்டில் படம் வரைந்து, கையெழுத்து வாங்கி, மறந்துவிடுவோம்.

சரி, அதே மருந்தை முதுகில் டேங்க் மாட்டிக்கொண்டு அடிக்கிற திருவள்ளூர் கூலிக்காரரின் குரோமோசோமை யார் பார்ப்பது? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய பேட்டரியின் ஈயத்தை உருக்குகிறவரின் செல்லை?

தண்ணீரையாவது பார்த்தார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் ஆய்வு மையத்தினர் திருவள்ளூர் மாவட்டத்து நிலத்தடி நீரைச் சோதித்து, டிடிடி, எண்டோசல்பான் வகைப் பூச்சிமருந்துகளின் மிச்சம் அதில் இருப்பதாக 2007-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களைத் தேடிப் போவதுதானே அடுத்த வேலை?

செய்ய முடியாத காரியமும் இல்லை. ஐதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் மரபியல் ஆய்வாளர்கள் 1980-களின் கடைசியிலேயே, பருத்தி வயலில் மருந்தடிப்பவர்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்குக் குரோமோசோம் சேதம் அதிகம் இருந்தது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தினர் வட ஆற்காடு தோல் தொழிலாளர்களிடம் குரோமியத்தால் வந்த மரபணு மாற்றங்களை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். எல்லாம் ஒரு தடவை ஆய்வு, ஒரு கட்டுரை, அதோடு சரி. வருடா வருடம் பார்க்க வேண்டும் என்று யாரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

"மெடிக்கல் செக்கப் நடக்கிறதே" என்பீர்கள். போபாலுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தான ரசாயனத்தில் வேலை செய்பவர்களுக்கு ஆண்டுக்கொரு பரிசோதனை என்று வைத்தார்கள். நல்லது. ஆனால் ஈயத்துக்கு ரத்தத்தில் ஈய அளவு, பூச்சிமருந்துக்குக் கோலினெஸ்டரேஸ் என்று பார்ப்பதெல்லாம் இப்போது உடம்பில் எவ்வளவு விஷம் என்பதைத்தான் சொல்லும். ஆளை சில வாரம் வேறு வேலைக்கு மாற்றினால் கோலினெஸ்டரேஸ் பழைய நிலைக்கு ஏறிவிடும். உடைந்த குரோமோசோம் பற்றி அது வாயே திறக்காது.

அதற்கு மைக்ரோநியூக்ளியஸ் சோதனை இருக்கிறது. செல் பிரியும்போது உடைந்த துண்டு உட்கருவுக்குள் சேராமல் குட்டிக் கருவாக வெளியே நின்றுவிடும். கன்னத்தின் உள்பக்கம் ஒரு குச்சியால் சுரண்டினால் செல் கிடைக்கும். அப்புறம் ஒரு ஸ்லைடு, சாயம், மைக்ராஸ்கோப், எண்ணப் பொறுமை. கல்லூரி லேப் போதும்.

"இதை வைத்து இவருக்குக் கேன்சர் வரும் என்று சொல்ல முடியுமா?" முடியாது. தனி ஆளுக்கு ஜோசியம் சொல்லும் சோதனை அல்ல இது. ஆனால் 10 நாடுகளில் 6,718 பேரின் ரத்த செல்களை வைத்துச் செய்து 2007-ல் வெளியான ஆய்வில், மைக்ரோநியூக்ளியஸ் அதிகம் இருந்தவர்களுக்குக் கேன்சரும் அதிகம் வந்தது. ஒரு பட்டறையின் தொழிலாளர் கூட்டமே அதிகம் காட்டினால், பட்டறையைத்தான் சரிசெய்ய வேண்டும். "பீடி குடிக்கிறார்கள், அதனால்தான்" என்பவர்களுக்கும் பதில் சுலபம்: பீடி குடிக்கும் வேறு ஆட்களோடு ஒப்பிடுங்கள்.

இங்கே பிணம் விழுந்தால்தான் கோப்பு நகரும். 2023 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் மோனோகுரோட்டோபாஸ் உட்பட 6 பூச்சிமருந்துகளுக்கு 60 நாள் தடை வந்தது. காரணம், அவற்றைக் குடித்து நடந்த தற்கொலைகள். தடையைக் குறை சொல்லவில்லை. குடித்துச் செத்தவர் கணக்கில் வருகிறார். இருபது வருடம் சுவாசித்தவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

அதிலும் சிப்காட் கான்ட்ராக்ட் தொழிலாளி ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவராக இருப்பார். இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போய்விடுவார். பத்து வருடம் கழித்து அங்கே நோய் வந்தால், கும்மிடிப்பூண்டியின் பெயரை யார் எழுதப் போகிறார்கள்?

வேலைக்குச் சேரும்போது ஒரு ஸ்லைடு, வருடத்துக்கு ஒன்று, போகும்போது ஒன்று. ரிப்போர்ட்டின் நகல் அவர் கையில். மருந்தடிப்பவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதையே செய்யலாம். நான் கேட்பது இவ்வளவுதான்.

வெங்காயத்துக்குச் செய்கிறோமே, மனுஷனுக்குச் செய்யக்கூடாதா?