தட்டிப் பார்த்தால் போதுமா?

லாரிகள் நிற்கும் இடங்களில் ஒரு காட்சியை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கிளீனர் கையில் ஒரு தடியுடன் வண்டியைச் சுற்றி வருவார். ஒவ்வொரு டயராகத் தட்டுவார். 'டங்' என்று ஓசை வந்தால் காற்று இருக்கிறது. 'தொப்' என்றால் இறங்கிவிட்டது. பத்து டயர்களையும் தட்டி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. "எல்லாம் சரியா இருக்கு அண்ணே, கிளம்பலாம்" என்பார். வண்டி கிளம்பிவிடும்.

பார்ப்பதற்கு இது ஒரு சோதனை போலத்தான் தோன்றுகிறது. ஆனால் இயற்பியல் படிக்கும் நாம் எந்தச் சோதனையைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும் அல்லவா? இது எதை அளக்கிறது?

லாரி டயரில் இருக்க வேண்டிய அழுத்தம் டயரின் வகைக்கும் சுமைக்கும் ஏற்ப மாறும். நம் கணக்குக்காக, சதுர அங்குலத்துக்கு 110 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். முழுவதும் காற்று இறங்கிய டயரைத் தடி காட்டிக் கொடுத்துவிடும். 110-க்கும் 85-க்கும் உள்ள வேறுபாட்டைத் தடியும் சொல்லாது, காதும் சொல்லாது. ஆபத்து இருப்பதோ அந்த இடைவெளியில்தான்.

பின் அச்சில் டயர்கள் இரட்டை இரட்டையாக இருக்கின்றன. உள் டயரில் காற்று குறைந்தால் வெளி டயர் அதன் சுமையில் ஒரு பங்கையும் சேர்த்துத் தாங்குகிறது. வண்டி சாய்வதில்லை, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்து நிமிர்த்திவிட்டு, வளைந்த இடத்தை விரலால் தொட்டுப் பாருங்கள், சுடும். டயருக்குள் நடப்பதும் அதுவே. ரப்பர் சூடாகிறது, ரப்பருக்கும் உள்ளே ஓடும் இழைகளுக்கும் இடையே உள்ள பிடிப்பு தளர்கிறது, ஒரு கட்டத்தில் டயர் பிளந்துவிடுகிறது. நெடுஞ்சாலை ஓரங்களில் கருநிறத் தோல் போலக் கிடக்கும் டயர்த் துண்டுகள் பலவற்றின் கதை இதுதான்.

தேவைப்படுவது ஒரு கேஜ், அதாவது அழுத்தமானி. ஒரு லாரி டயரின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒரு பொருட்டே அல்ல. ஆனால் கேஜ் இருந்தால் மட்டும் போதாது. எப்போது அளப்பது என்றும் தெரிய வேண்டும். காலையில் 30 டிகிரி செல்சியஸில் 110 பவுண்டு காட்டிய டயர், ஓடி ஓடி உள்ளே 60 டிகிரியை எட்டுகிறது என்று கொள்வோம். கேஜ் காட்டுவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேற்பட்ட அளவு. எனவே 15 பவுண்டைச் சேர்த்து 125 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வெப்பநிலையைக் கெல்வினில் எழுதினால் 303-லிருந்து 333. பருமன் மாறவில்லை என்றால் அழுத்தம் ஏறத்தாழ 137 ஆகும். கேஜில் 122 காட்டும். இதைப் பார்த்து, "காற்று அதிகமாக இருக்கிறது" என்று வழியில் சிறிது காற்றைத் திறந்து விடுவோர் உண்டு. மறுநாள் காலை டயர் குளிர்ந்ததும் அழுத்தம் தேவையானதைவிடக் குறைந்து நிற்கும். பத்தாம் வகுப்புக் கணக்கு ஒன்று நெடுஞ்சாலையில் உயிர் காக்கிறது என்றால் நம்புவீர்களா? ஆகவே அளப்பது புறப்படும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது.

தடியின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. தட்டிப் பார்ப்பது மிகப் பழைய, மதிப்புக்குரிய சோதனை. ரயில் நிலையங்களில் சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே நடக்கும் ஊழியர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். விரிசல் இல்லாத சக்கரம் மணி போல் ஒலிக்கும். விரிசல் விழுந்தது மங்கிய ஓசை தரும். லாரியின் சக்கர நட்டுகளையும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கலாம். இறுகிய நட்டின் ஓசை வேறு, தளர்ந்த நட்டின் ஓசை வேறு. நட்டின் அடியிலிருந்து செம்பழுப்புத் துருக்கோடு வழிந்திருந்தால், அங்கே இரும்பும் இரும்பும் உராய்ந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியபின் ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடியும் இறுக்கிப் பார்க்க வேண்டும். புதிதாக அமர்ந்த பரப்புகள் ஓட்டத்தில் சற்றே அழுந்தி இடம் கொடுக்கும். தட்டுவது தகுந்த இடத்தில் நல்ல சோதனை. காற்றழுத்தம் அதற்குத் தகுந்த இடம் அன்று.

இனி பிரேக்குக்கு வருவோம். இங்கேதான் கதை முழுவதும் இருக்கிறது.

மூன்று அச்சு லாரி ஒன்றின் மொத்த எடை 25 டன் என்று கொள்வோம். (2018-இல் இந்த வகைக்கான உச்ச வரம்பு 25-லிருந்து 28.5 டன்னாக உயர்த்தப்பட்டது.) அது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 35 இலட்சம் ஜூல். வண்டியை நிறுத்துவது என்றால் இந்த ஆற்றலில் பெரும்பகுதியைப் பிரேக் டிரம்களில் வெப்பமாக மாற்றுவது. 30 டிகிரியில் உள்ள 12 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் இது. ஒரு தடவை நிறுத்துவதற்கே இவ்வளவு.

அதே லாரி ஒரு கணவாயில் 100 மீட்டர் உயரம் இறங்குகிறது என்றால்? நிலை ஆற்றல் இழப்பு 2 கோடியே 45 இலட்சம் ஜூல். 83 லிட்டர் நீர் கொதிக்கும். அதாவது ஆறேழு குடம்! காற்றுத் தடையும் டயர்களின் உருளல் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சினும் பிரேக்கும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கினால் எஞ்சினின் பங்கு சுழி. முழுச் சுமையும் பிரேக்கின் தலையில். இதில் வேடிக்கை என்னவென்றால், இன்றைய எஞ்சின்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் டீசல் செல்வதே நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் தேவைப்படுகிறது.

டிரம் சூடானால் என்ன ஆகும்? வார்ப்பிரும்பு விரியும். 41 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரம் 300 டிகிரி சூடேறினால் அதன் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமாகக் கூடுகிறது. பிரேக் லைனிங் உள்ளிருந்து வெளிநோக்கி அழுத்துகிறது; டிரமோ அதைவிட்டு விலகிப் போகிறது. அரை மில்லிமீட்டர் விலகலை ஈடுகட்ட, காற்றறையிலிருந்து வரும் தண்டு பல மில்லிமீட்டர் கூடுதலாக நகர வேண்டும். அதுவோ ஓர் எல்லை வரைதான் நகர முடியும். எல்லையைத் தொட்டபின் மிதியை எவ்வளவு அழுத்தினாலும், தொட்டியில் எவ்வளவு காற்று இருந்தாலும், லைனிங்குக்கு விசை போய்ச் சேராது.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். லைனிங் தேய்ந்து, தண்டின் நகர்வு எல்லையை நெருங்கி இருக்கும் ஒரு வண்டி. காலையில் ஷெட்டில் டிரம் குளிர்ந்திருக்கிறது. ஓட்டுநர் மிதித்துப் பார்க்கிறார், பிரேக் பிடிக்கிறது. சோதனையில் தேறிவிட்டது! அதே பிரேக் கணவாயின் பாதியில், மிகவும் தேவைப்படும் நேரத்தில், கைவிடுகிறது. தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே உள்ள தொப்பூர் கணவாயில் கட்டுப்பாடு இழந்த லாரிகள் முன்னால் இருந்த வண்டிகளின் மேல் மோதிய செய்திகளை 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் படித்தோம். "பிரேக் ஃபெயிலியர்" என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும்: அந்தத் தண்டின் நகர்வைக் கடைசியாக அளந்தது யார்? எந்தத் தேதியில்?

அளப்பது கடினமன்று. சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கைப் பிரேக்கை விடுவித்து, தண்டில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட வேண்டும். ஒருவர் மிதியை அழுத்த, மற்றவர் கோடு நகர்ந்த தூரத்தை அடிக்கோலால் அளக்க வேண்டும். தயாரிப்பாளர் குறித்த எல்லைக்கு மேல் போனால் ஸ்லாக் அட்ஜஸ்டரைப் பார்க்க வேண்டும். பல புதிய வண்டிகளில் அது தானாகவே சரிசெய்துகொள்ளும் வகை. தானாக இயங்குவதும் தேயும்; அதையும் அளக்கத்தான் வேண்டும்.

காற்றுத் தொட்டியின் அடியில் உள்ள வடிகால் குழாயையும் திறந்து பார்க்க வேண்டும். காற்றை அழுத்தும்போது அதிலுள்ள நீராவியும் சேர்ந்து அழுத்தப்படுகிறது. குளிர்ந்ததும் நீராகி அடியில் தேங்குகிறது. தொட்டியில் நீர் நிறைந்த அளவுக்குக் காற்றுக்கு இடம் குறைகிறது. விளக்குகள், பின்புறச் சிவப்பு ஒளி எதிரொளிப்பிகள், தார்ப்பாய்க் கயிறு ஆகியவற்றைப் பார்க்கக் கண் இருந்தால் போதும்.

பராமரிப்பு வேலையின் ஆபத்தை நாம் பேசுவதே இல்லை. 110 பவுண்டு அழுத்தத்தில் ஓர் உள்ளங்கை அளவு பரப்பின் மேல், அதாவது 100 சதுர சென்டிமீட்டரின் மேல், செயல்படும் விசை முக்கால் டன் எடைக்குச் சமம். வளையம் பூட்டிய டிஸ்க்கில் காற்றடிக்கும்போது அந்த வளையம் சரியாக அமரவில்லை என்றால் அது பீரங்கிக் குண்டுதான். காற்றடிப்பவர் டயரின் மேல் குனிந்துகொண்டு நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு உள்ளம் பதறுகிறது. இரும்புக் கூண்டும் நீண்ட குழாயும் இல்லாத கடையில் அந்த வேலை நடக்கவே கூடாது என்பது என் கருத்து. ஜாக்கி தூக்குவதற்கான கருவி. தாங்குவதற்குத் தனியாகத் தாங்கி வேண்டும். தூக்கி நிற்கும் டிப்பர் தொட்டியின் அடியில், முட்டுக் கொடுக்காமல், எண்ணெய் அழுத்தத்தை நம்பி எவரும் நுழையக் கூடாது.

"அதற்குத்தான் அரசு தகுதிச் சான்று தருகிறதே" என்று சிலர் கேட்கலாம். 2018-இல் திருத்தப்பட்ட விதிப்படி, எட்டு ஆண்டுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேற்பட்டதற்கு ஆண்டுதோறும் தகுதிச் சோதனை. நாளுக்கு 300 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் ஓடும் வண்டி இரண்டு ஆண்டில் 1,80,000 கிலோமீட்டர் போகும். பூமியை நாலரைச் சுற்று! அந்த நெடும்பயணத்தை ஒரு நாள் சோதனை எப்படிக் காக்கும்?

எனவே பொறுப்பு நாள்தோறும் வண்டியோடு இருப்பவரிடம் வருகிறது. ஆனால் அந்தப் பொறுப்பைச் சுமக்க அவருக்கு என்ன கொடுத்திருக்கிறோம்? நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் வழக்கத்தில், நிற்கும் வண்டிக்குக் கூலி இல்லை. சரக்குக்காரர் அவசரப்படுத்துகிறார். இந்நிலையில் அரை மணி நேரம் அளவெடுத்துக்கொண்டிருப்பவர் தன் பணத்தை இழக்கிறார். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வண்டியைப் பராமரிக்கும் வேலையையும் வேலை நேரத்துக்குள் சேர்த்து எண்ணியது. தாளில் எண்ணியது கையில் கூலியாக வந்து சேர வேண்டும். அமெரிக்காவில் கனரக வண்டி உரிமம் கேட்பவர், தேர்வாளருக்கு முன் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு பாகத்தையும் காட்டி, எதைப் பார்க்கிறேன், ஏன் பார்க்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காற்றுக் கசிவைக் கேஜைப் பார்த்து நிமிடக் கணக்கில் சோதித்துக் காட்ட வேண்டும். நம் தேர்விலும் இதற்கு அதே எடை வேண்டும்.

நான் கேட்பது மூன்றே பொருள்கள். ஒவ்வொரு லாரியிலும் ஒரு கேஜும் அடிக்கோலும். அளந்த எண்களைத் தேதியிட்டு எழுத ஒரு நோட்டுப் புத்தகம். கூலியோடு கூடிய அரை மணி நேரம். அந்த நோட்டில் "இன்று வண்டி ஓடாது" என்று எழுதும் உரிமை ஓட்டுநருக்கு வேண்டும். எழுதியதற்காக அவர் வேலை போகக் கூடாது. சரக்கு தாமதமாகும் என்று முதலாளிகள் சொல்வார்கள். சரக்கேற்றிய வண்டியில் வெடித்த உள் டயரை இரவு நேரத்தில் சாலையோரத்தில் மாற்ற எவ்வளவு நேரமாகும் என்று அவர்களுடைய ஓட்டுநரையே கேட்டுப் பார்க்கட்டும்.