கூடத்துக்குள் ஒரு சினிமாக் கொட்டகை

டெலிவிஷனில் படம் ஓடுகிறது. கதாநாயகி அழுதுகொண்டே என்னவோ சொல்கிறாள். "என்னடி சொல்கிறாள்?" என்கிறார் பாட்டி. ஒலியைக் கூட்டுகிறீர்கள். அடுத்த நிமிஷம் சண்டைக் காட்சி! தொட்டிலில் குழந்தை வீரிட்டு எழுகிறது. குறைக்கிறீர்கள், மறுபடியும் பாட்டி! இந்தக் கூட்டல் கழித்தல் கணக்கு எந்த வீட்டில்தான் இல்லை?

காகிதமாய் மெலிந்துவிட்ட இக்காலத்து டெலிவிஷனுக்குள் நல்ல ஸ்பீக்கருக்கு இடம் இல்லை. அதற்குப் பரிகாரம் 'ஹோம் தியேட்டர் ரிஸீவர்'. டெலிவிஷன், டிஸ்க் பிளேயர் முதலியவற்றின் ஒலியை வாங்கிப் பெருக்கி, கூடத்தில் வைத்த ஸ்பீக்கர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும் பெட்டி அது. "பணக்காரர் வீட்டுச் சாமான் ஆயிற்றே!" என்று பயப்படாதீர்கள். சிக்கன விலையிலும் உண்டு. யமஹா கம்பெனி 2018-ல் வெளியிட்ட ஆர்.எக்ஸ்-வி385 அப்படிப்பட்டது, தன் வரிசையில் கடைக்குட்டி.

முதலில் அதன் நல்ல குணங்கள். முன்னால் மூன்று, பின்பக்கம் இரண்டு என்று ஐந்து ஸ்பீக்கர்களை இது இயக்கும். நடு ஸ்பீக்கர்தான் நமக்கு முக்கியம். படத்தின் வசனம் பெரும்பாலும் அதன் வழியாகவே வருகிறது. 'டயலாக் லெவல்' என்ற வசதியால் வசனத்தை மட்டும் உயர்த்தலாம்; பாட்டிக்குத் திருப்தி. 'அடாப்டிவ் டி.ஆர்.ஸி.' என்பதைப் போட்டுவிட்டால், ஒலியைக் குறைத்துக் கேட்கும்போது இரைச்சலும் முணுமுணுப்பும் ஒன்றுக்கொன்று நெருங்கி வரும், தொட்டிலுக்கு நிம்மதி. நீங்கள் உட்காரும் இடத்தில் கூடவே வரும் சின்ன மைக்கை வைத்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தானே அளந்து சரிசெய்துகொள்ளும். காலையில் டெலிபோனிலுள்ள சுப்ரபாதத்தைப் புளூடூத் வழியாகப் பாட வைக்கலாம்.

இனிக் குறைகள். வைஃபை கிடையாது. தலைக்கு மேலிருந்து மழை பொழிவது போல் ஒலிக்கும் 'டால்பி அட்மாஸ்' கிடையாது. ஸ்பீக்கர்களைத் தனியாக வாங்க வேண்டும். அதிரும் அடிநாதம் தரும் 'ஸப்வூஃபர்' தன் சொந்த மின்சக்தியில் ஓடுவதாக இருக்க வேண்டும். இந்தப் பெட்டி அதற்குச் சக்தி கொடுக்காது. கடையில் இதைக் கேட்காமல் வந்து, மறுபடி ஆட்டோவுக்குச் செலவழிக்காதீர்கள்.

இன்னொரு விஷயம், சகோதரிகளே! 'வாட்ஸ்' என்ற எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். இதே பெட்டிக்குக் கம்பெனியின் குறிப்பிலேயே மூன்று எண்கள் இருக்கின்றன: 135, 100, 70. முதலிரண்டும் ஒரே ஸ்பீக்கரை, ஒரே சுருதியில் ஓட்டி அளந்தவை. 135-ல் ஒலி பத்து சதவிகிதம் சிதைந்தே போயிருக்கும். இரண்டு ஸ்பீக்கர்களை எல்லாச் சுருதிகளிலும் சுத்தமாக ஓட்டினால் கிடைப்பது 70. நுரையோடு அளந்தாலும் பால்தான். ஆனால் காப்பிக்கு உதவுவது நுரை அடங்கிய பால் அல்லவா? எந்தக் கம்பெனிப் பெட்டியானாலும், "20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சானல்" என்று போட்டிருக்கும் எண்ணையே ஒப்பிட்டுப் பாருங்கள். நடுத்தரக் கூடத்துக்கு 70 தாராளம்.

வாங்கிய பிறகு அதன் தலைமேல் பூவேலைத் துணி விரித்துப் பூச்சாடி வைத்துவிடாதீர்கள்! பெட்டி சூடாகும், மூச்சு விட மேலேயும் பக்கங்களிலும் இடம் வேண்டும்.

வாடகை வீடு, சுவரோரம் ஒயர் இழுக்க வழியில்லை என்றால், டெலிவிஷனுக்கு அடியில் வைக்கும் ஒற்றை 'சவுண்ட் பார்' போதும். ஒயருக்கு இடமும், வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ளும் எண்ணமும் இருந்தால், இந்தக் கடைக்குட்டி ஜாதிப் பெட்டி நல்ல முதல்தான். கடைக்காரர் சண்டைக் காட்சியைப் போட்டுக் காட்டி அசத்தப் பார்ப்பார். நீங்கள் மெதுவாகப் பேசும் ஒரு காட்சியைப் போடச் சொல்லுங்கள். முடிந்தால் பாட்டியையும் அழைத்துப் போங்கள்!