பலகை போனால் வரலாறு போகுமா?

சாலையோர நினைவுப் பலகையைக் கழற்றினால் வரலாறே அழிந்துவிடும் என்கிறார்கள். எந்த வரலாறு?

ஒன்று. அமெரிக்காவில், லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் 1873 ஏப்ரல் 13 அன்று வெள்ளையர் கும்பல் கறுப்பர்களைக் கொன்று குவித்தது. பலர் சரணடைந்த பிறகு சுடப்பட்டவர்கள். முக்கால் நூற்றாண்டு கழித்து மாநில அரசு நட்ட பலகை அதைக் ‘கலவரம்’ என்றது. செத்த வெள்ளையர் மூவர், கறுப்பர் 150 என்று அதுவே சொல்லியும்! இது எந்த ஊர்க் கலவரம்? தெற்கில் தவறான ஆட்சிக்கு முடிவுகட்டிய நாள் என்ற பெருமை வேறு.

இரண்டு. 2021இல் அந்தப் பலகை அகற்றப்பட்டது. படுகொலை யாருக்காவது மறந்துபோயிற்றா?

மூன்று. மிசிசிப்பியில் வெள்ளையர்கள் கொன்ற கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் நினைவுப் பலகையைத் திரும்பத் திரும்பச் சுட்டுத் துளைத்தார்கள். 2019இல் குண்டு துளைக்காத பலகையே வைக்க வேண்டியதாயிற்று. வரலாறு அழிகிறதே என்று பதறுகிறவர்கள் அப்போது எங்கே போயிருந்தார்கள்?