பழுதுபார்க்கும் உரிமை யாருக்கு?

புணேக்கு அருகிலுள்ள ரஞ்சன்காவ் ஆலையில் உருவாகும் கார், விற்ற பின்னும் உற்பத்தியாளரின் பிடியிலேயே இருக்க வேண்டுமா? அவ்வாலையை நடத்தும் ஃபியட் இந்தியா உள்ளிட்ட 14 நிறுவனங்களுக்கு, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறி கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்கு எட்டாமல் வைத்திருந்ததே குற்றச்சாட்டு. ஒரு நிறுவனத்தின் பாகம் மற்றொன்றின் காருக்குப் பொருந்தாது. ஆகவே கார் வாங்கியவருக்கு வேறு வழியில்லை என்பதே ஆணையத்தின் தர்க்கம். வெளியே பழுதுபார்த்ததற்காக மட்டுமே வாரண்டியை முற்றாக மறுக்கலாகாது என்றும் அது கூறியது.

'வெளி மெக்கானிக்குக்குப் போதிய அறிவில்லை' என்பார்கள். கையேட்டை மறைத்துவிட்டு அறியாமையைப் பழிப்பது, தரவைத் தராமல் ஆய்வு முடிவை நம்பச் சொல்வதற்கு ஒப்பாகும்.

ஏர்பேக், மென்பொருள், திரும்ப அழைப்பு ஆகியவற்றுக்கு நிறுவனத்தின் சர்வீஸ் மையமே தகும். ஆயில், ஃபில்டர், பிரேக் பேட் மாற்ற நம்பகமான மெக்கானிக் போதும். பாகங்களின் பெயர் குறித்த ரசீதை மட்டும் தவறாது பெற்று வையுங்கள். தீர்ப்பு எழுத்தில் கிடைத்துவிட்டது. அதை வழக்கமாக்குவது நாம் கேட்கும் கேள்விகளில்தான் இருக்கிறது.