நிறத்துக்காக ஓர் உயிர்

பச்சோந்தி என்ற சொல் தமிழில் பிராணியைக் குறிப்பதைக் காட்டிலும் மனிதரைக் குறிக்கவே மிகுதியும் பயன்பட்டு வருகிறது. தேர்தல் காலமாயின் கேட்கவே வேண்டாம். கட்சி மாறிய ஒவ்வொருவருக்கும் இப்பட்டம் தவறாமல் சூட்டப்பெறும். அந்தச் சிற்றுயிரோ, அமர்ந்த இடத்துக்கேற்ப வேடம் புனைவதேயில்லை. சினம், அச்சம், இணைவிழைவு, உடலின் வெப்பம் ஆகியவையே அதன் தோலில் நிறமாக எழுகின்றன. உள்ளதை மறைக்கவே தெரியாத ஓர் உயிரை நாம் கபடத்துக்கு உவமையாக்கி வைத்திருக்கிறோம்!

2015-ல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியை ஆராய்ந்து இதன் சூட்சுமத்தை விளக்கினர். அதன் தோலணுக்களில் குவானின் என்னும் பொருளாலான நுண்படிகங்கள் அடுக்கப்பட்டுள்ளன. விலங்கு அமைதியாயிருக்கையில் படிகங்கள் நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பியனுப்ப, மேலுள்ள மஞ்சள் நிறமியோடு கலந்து அது பச்சையாகத் தெரிகிறது. விலங்கு கிளர்ச்சியுற்றால் படிகங்களுக்கிடையே இடைவெளி கூடி, மஞ்சளும் செம்மையும் பளிச்சிடுகின்றன.

இதை இவ்வளவு விரித்துரைக்கக் காரணம் உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பச்சோந்தியை வீட்டில் வளர்ப்பதும் இனப்பெருக்கம் செய்வதும் பலருக்குப் பொழுதுபோக்கு, சிலருக்குத் தொழில். ஏமன், சவூதி அரேபியப் பகுதிகளைச் சேர்ந்த முக்காட்டுப் பச்சோந்தியும், மேற்சொன்ன சிறுத்தைப் பச்சோந்தியும் அவர்களிடையே புகழ்பெற்றவை. விற்பனைப் படங்களில் அவை தீப்பிழம்பெனச் சுடர்கின்றன. அச்சுடர் பெரும்பாலும் சினத்தின் நிறம். கண்ணாடியைக் காட்டியோ, வேறோர் ஆணை எதிரில் நிறுத்தியோ அதை வரவழைப்பவர்கள் உண்டு. படத்தைக் கண்டு வாங்கியவர், வீட்டில் அது மென்பச்சையாய்ச் சாந்தமாக அமர்ந்திருப்பதைக் கண்டு ஏமாற்றமடைகிறார். அது நலமாக இருப்பதன் அடையாளமே அவருக்குக் குறையாகப் படுகிறது. நிறத்துக்காகப் பச்சோந்தி வளர்ப்போர் அதை வளர்க்கவே தகுதியற்றவர் என்பது நம் துணிபு.

வளர்ப்பு முறையிலும் இதே பிழைவாசிப்புதான். பச்சோந்தி காற்றை உண்டு வாழ்வது என்று பண்டைய ரோமானியரான பிளினி எழுதி வைத்தார். இன்று அதை நம்புவாரில்லை எனினும், கிண்ணத்தில் நீர் வைத்துவிட்டுக் கடமை முடிந்ததென்றிருப்போர் அதைத்தான் வேறு வகையில் செய்கின்றனர். தேங்கிய நீரைப் பச்சோந்தி பெரும்பாலும் நீரென்றே அறிவதில்லை. இலையில் துளித்து நகரும் நீரைத்தான் நக்கிக் குடிக்கும். ஆகவே கூண்டில் செம்பருத்தியோ மணி பிளாண்டோ தழைத்திருக்க, அவற்றின்மீது நீர் சொட்ட வேண்டும். புற ஊதா விளக்கு இல்லையேல், எவ்வளவு சுவர்க்கோழிப் பூச்சிகளைக் கால்சியப் பொடியில் புரட்டி ஊட்டினும் எலும்பு வளையும். கைகால்கள் வில்லாய்க் கோணிய குட்டிகளை ஈன்றோரின் குறை எனல் தவறு; பல வேளைகளில் அது விளக்கின் குறை.

இனி இனப்பெருக்கம். நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இதையே.

முக்காட்டுப் பச்சோந்தியின் பெண், ஆணே இல்லாவிடினும் முட்டை தரிக்கும். கோழியைப் போலத்தான். வீட்டில் ஒற்றைப் பெண்ணைத்தானே வைத்திருக்கிறோம், முட்டைக்கு ஏற்பாடு எதற்கு என்றிருப்பவர்கள் அறியாதது இது. முட்டை வந்ததும் அவள் கிளையை விட்டிறங்கி மண்ணைத் தேடுவாள். ஈர மணல் ஒரு சாண் ஆழத்துக்கு மேலாவது இருந்தால் சுரங்கம் தோண்டி இட்டு, மூடி, மேற்பரப்பைத் தட்டிச் சமன்செய்துவிட்டு ஏறுவாள். மணல் இல்லையெனில், அல்லது தோண்டும்போது யாரேனும் எட்டிப் பார்த்துக்கொண்டேயிருந்தால், இடாமலே தேக்கிக்கொள்வாள். தேங்கிய முட்டைகள் அவளைக் கொல்லும். கூண்டின் அடித்தட்டில் அமைதியின்றி அலையும் பெண்ணைக் கண்டு, விளையாடுகிறது என்று மகிழ்ந்திருந்தோரும் இருக்கத்தான் செய்வர்.

அமிதமாக ஊட்டினால் முட்டை பெருகும். ஒரே ஈட்டில் 60, 70 என்றும் போகும். அத்தனையும் அவள் எலும்பிலிருந்து எடுத்த சுண்ணம். உணவையும் கூண்டின் வெப்பத்தையும் சற்றே குறைத்து வைத்தால் முட்டைத் தொகை குறைந்து அவள் ஆயுள் நீள்கிறது என்பது தேர்ந்த வளர்ப்பாளரின் பட்டறிவு. விற்பனைக்கென வளர்ப்பவருக்கோ குறைந்த முட்டை நட்டம். இவ்விரண்டில் எதைத் தேர்கிறார் என்பதில் ஒருவர் வளர்ப்பாளரா வணிகரா என்பது தெரிந்துவிடும்.

முட்டைகள் 27 பாகை செல்சியஸ் அளவில் ஆறு முதல் ஒன்பது திங்கள் காத்துப் பொரிந்தால், ஐம்பது குட்டிகள். அவற்றுக்குப் பழ ஈக்கள் வேண்டும். இரண்டு, மூன்று திங்களில் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் தனிக்கூண்டு வேண்டும். தனிமையே அவற்றின் இயல்பு. ஐம்பது கூண்டு வைக்க எவர் வீட்டில் இடமுண்டு? இக்கணக்கைப் போட்டுப் பாராமல் ஆணையும் பெண்ணையும் சேர்ப்பவரை நாம் மன்னிப்பதற்கில்லை.

எஞ்சியவை எங்கே போகின்றன? 1972-ல் கென்யாவிலிருந்து ஹவாயின் ஓவாஹு தீவுக்குச் சில பத்து ஜாக்சன் பச்சோந்திகள் ஒரு கடைக்காரருக்கு வந்தன. பயணத்தில் வாடியிருந்தவற்றைத் தேற்றும் பொருட்டு அவர் தம் தோட்டத்தில் விட்டார். கருணைதான்! அவை அங்கேயே பெருகிப் பிற தீவுகளிலும் பரவி, உலகில் வேறெங்கும் இல்லாத ஹவாயின் நத்தைகளையும் தின்று வருகின்றன. ஃபுளோரிடாவில் முக்காட்டுப் பச்சோந்தி காட்டில் வேரூன்றிய கதையும் வளர்ப்பிலிருந்து தொடங்கியதே.

கூண்டில் பிறந்தவற்றை வாங்குவதால் காட்டில் பிடிப்பது குறைகிறதே என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான வாதம்தான், முக்காட்டுப் பச்சோந்தியைப் பொறுத்தவரை உண்மையும்கூட. பிடிபட்ட விலங்கு ஒட்டுண்ணிகளோடும் அச்சத்தோடும் வந்து கூண்டில் மடிவதைவிட இது எவ்வளவோ மேல். ஆயினும் இவ்வாதம் பொறுப்புள்ள வளர்ப்பாளருக்குத்தான் உரியது. இருட்டறையில் கண்ணாடிப் பெட்டிகளை அடுக்கிக் குட்டி விற்பவர் இதைக் கையிலெடுப்பது நமக்கு உவப்பாயில்லை.

தமிழ்நாட்டு வேலிகளிலும் இலங்கையின் வறண்ட நிலங்களிலும் வாழும் நம் பச்சோந்தியைப் பற்றி ஒரு சொல். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். சாலையில் அது முன்னும் பின்னும் ஆடி ஆடி அடியெடுத்து வைப்பதைக் கண்டால், வண்டிகளை நிறுத்தி, ஒரு குச்சியில் ஏற்றி, அது போய்க்கொண்டிருந்த பக்கத்திலேயே விடுங்கள். வந்த பக்கம் திருப்பி விட வேண்டாம். முட்டையிட மண் தேடி இறங்கிய பெண்ணாக இருந்தால், மறுபடியும் அதே சாலையைத்தான் கடக்க முயலும்.