மாற்றிய மூட்டை மறுபடி மாற்றணுமா? செலவு ஏன் எகிறுகிறது?

முழங்கால் மூட்டை மாற்றியாச்சு, இனி ஆயுசுக்கும் கவலையில்லை என்று நினைக்கிறீர்களா? பலருக்கு அது உண்மைதான். ஆனால் வயது முக்கியம். பிரிட்டன் நோயாளிகள் பற்றி 2017-ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வின்படி, 70 வயதைக் கடந்து இடுப்பு அல்லது முழங்கால் மூட்டை மாற்றியவர்களில் சுமார் 5 சதவீதத்தினருக்கே மறு அறுவை தேவைப்படலாம். 50-களின் தொடக்கத்தில் மாற்றிய ஆண்களுக்கோ இது 35 சதவீதம் வரை போகிறது.

இரண்டாவது தடவை ஏன் கஷ்டம்?

பழைய மூட்டைப் பெயர்க்கும்போது எலும்பும் கொஞ்சம் போய்விடும். அதை ஈடுகட்ட நீளமான தண்டுள்ள, விலை கூடிய உபகரணம் வேண்டும். கிருமித்தொற்று என்றால் பெரும்பாலும் இரண்டு ஆபரேஷன்: முதலில் மூட்டை எடுத்து மருந்து கலந்த சிமென்ட் வைப்பார்கள், சில வாரங்கள் கழித்துத்தான் புது மூட்டு. வலி குறையும். ஆனால் முதல் தடவை அளவுக்குப் பலன் கிடைப்பது அரிது.

அரசு விலையைக் குறைத்ததே?

2017 ஆகஸ்டில் சாதாரண முழங்கால் மூட்டுக்கு ரூ.54,720, மறு அறுவை மூட்டுக்கு ரூ.1,13,950 என்று உச்சவரம்பு வந்தது, ஜிஎஸ்டி தனி. ஆனால் அது உபகரணத்துக்கு மட்டும்தான். தியேட்டர், டாக்டர் கட்டணம், ஐசியூ, படுக்கை நாட்களுக்கு அந்த வரம்பு கிடையாது.

நீங்கள் என்ன செய்யணும்?

50-களில் இருந்தால், இன்னும் தள்ளிப்போட முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பில்லில் மூட்டின் நிறுவனம், பேட்ச் எண் தனியாக இருக்கிறதா என்று பார்த்து, பத்திரமாக வையுங்கள். மறுபடி திறக்க நேர்ந்தால், உள்ளே இருப்பது என்ன என்பதுதான் டாக்டரின் முதல் கேள்வி.